வவுச்சர் காப்பி

விளம்பரத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வவுச்சர் காப்பி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பேப்பரில் ஒரு விளம்பரம் வந்ததும், அந்தப் பக்கம் இருக்கிற பிரதி ஒன்றைப் பத்திரிகை அலுவலகம் ஏஜென்சிக்குச் சும்மா அனுப்பிவைக்கும். சொன்ன தேதியில், சொன்ன அளவில் போட்டுவிட்டோம் என்பதற்கு அத்தாட்சி. அதைப் பில்லோடு பின் அடித்துக் கொடுத்தால்தான் பார்ட்டியிடமிருந்து, அதாவது விளம்பரம் கொடுத்தவரிடமிருந்து, காசு வரும். மற்றபடி அதை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பார்ட்டி வீட்டுக்குத்தான் அதே பேப்பர் அன்று காலையே வந்திருக்குமே! மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். அதன் பரணில் யாரும் வாங்கிப் போகாத வவுச்சர் காப்பிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போடுவோம். இருபத்தைந்து வருஷமாக இதுதான் வழக்கம். அந்தக் கட்டுகளில் ஒரே ஒரு பேப்பரைத் தேடிக்கொண்டு ஒருத்தர் மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அது ஒரு போன் காலில் தொடங்கியது. 2022 ஆடி மாசம், ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். சிங்கப்பூர் நம்பர். பேசியவர் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன், அங்கே வேலை பார்க்கிறார்.

"அண்ணே, அம்மாவுக்கு முதல் வருஷம் வருது. பேப்பர்ல நினைவஞ்சலி போடணும். கலர்ல, கொஞ்சம் பெருசா."

அளவைக் கேட்டு, மதுரை எடிஷனுக்கு என்ன ஆகும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"வேற எந்த ஊரு எடிஷன்ணே சல்லிசா இருக்கும்?"

"தம்பி, மேலூருக்கு மதுரை எடிஷன்தான் வரும். மத்த ஊர்ல போட்டா உங்க சனம் யாரும் பாக்க மாட்டாங்க."

"அது தெரியும்ணே. பேப்பர்ல யாரு பாக்கப்போறா? இ-பேப்பர்ல இருந்து வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கணும், குடும்ப குரூப்புல போடணும். அவ்ளோதான். மேல பேப்பர் பேரும் தேதியும் தெரிஞ்சாப் போதும். எந்த ஊர்ல வந்தா என்ன?"

விலையைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள், கடன் சொன்னவர்கள், போட்டோவில் இருப்பவரின் நரையைக் கறுப்பாக்கித் தரச் சொன்னவர்கள் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விளம்பரம் யாருக்கும் போய்ச் சேர வேண்டாம், வந்திருந்தால் மட்டும் போதும் என்று ஒரு பார்ட்டி கேட்டது அதுதான் முதல் தடவை. விலைப்பட்டியலைப் புரட்டினேன். வேலூர் எடிஷன் பாதிக்கும் கீழே வந்தது. மறுநாள் காலை வேலூருக்கு ஆர்.ஓ., அதாவது விளம்பரம் போடச் சொல்லும் ரிலீஸ் ஆர்டர், போட்டேன்.

சென்டிமீட்டர் கணக்கு

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1997. ஸ்கேலும் பென்சிலும்தான் மூலதனம். அகலம் எத்தனை, உயரம் எத்தனை, பெருக்கினால் சதுர சென்டிமீட்டர், அதை ரேட்டால் பெருக்கினால் தொகை. அதில் பதினைந்து சதவீதம் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குக் கமிஷன். எங்களை மாதிரி அவர்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி நேரம் என்பதால், அன்று மாடிப்படியில் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். வீடு வாடகைக்கு, ஆட்கள் தேவை, பழைய அம்பாசடர் விற்பனைக்கு, எல்லாவற்றுக்கும் மேலே மணமகன் தேவை. 'நல்ல குடும்பம், நற்பண்பு' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு ஆகிறது என்று தெரிந்ததும் முதலில் நற்பண்பு போகும், அடுத்து நல்ல குடும்பம் போகும். நட்சத்திரமும் சம்பளமும் மட்டும் கடைசிவரை நிற்கும்.

நான் அப்படி வரிகளை எண்ணிக்கொண்டிருந்த அதே 1997-ல்தான் அமெரிக்காவில் இருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்கென்று ஒரு இணையதளம் தொடங்கி, அதில் வரன் பார்க்க ஒரு மூலையை ஒதுக்கினார். அந்த மூலைதான் பாரத் மேட்ரிமோனி ஆனது. 2017-ல் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது எங்கள் மாடிப்படி வெள்ளிக்கிழமைகளில் காலியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் படியிலிருந்து எழுந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்று அன்றைக்குத்தான் மொத்தமாகப் புரிந்தது. அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. என் தங்கை மகளுக்கும் அதில்தான் பார்த்தோம்.

பெரிய விளம்பரங்களின் கதை வேறு. நகைக்கடை, ஜவுளிக்கடை, மனைப்பிரிவு இவை சீக்கிரம் போய்விடவில்லை. தீபாவளிக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் முதல் பக்கத்துக்கு மேலே இன்னொரு முதல் பக்கமாக முழுப்பக்க ஜாக்கெட் இன்றைக்கும் வருகிறது. 'செய்தியை மறைத்துவிட்டார்கள்' என்று அதைப் பார்த்துக் கோபப்படுகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: தி இந்துவின் முதல் பக்கமே 1958 வரைக்கும் விளம்பரம்தான். செய்தி உள்ளே இருந்தது. கடைக்காரன் வாசலில் நிற்பது புதுப் பழக்கமில்லை.

ஆனால் கடைக்காரரின் பேச்சு மாறிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018-ல் கூகுள் தன் விளம்பரச் சேவையில் தமிழையும் சேர்த்தது. அதற்கு முன்னால் தமிழில் எழுதிய தளங்களுக்கு அந்த வழியில் விளம்பரக் காசு முறையாக வர வழியில்லை. இந்த இரண்டுக்கும் பிறகு, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை முதலாளி என்னிடம் கேட்கிற கேள்வியே வேறாகிவிட்டது. முன்பு 'எந்தப் பக்கத்துல வரும்?' என்பார். இப்போது 'எத்தனை பேரு பாத்தான்னு காட்டுவியா?' என்கிறார். எத்தனை பிரதி விற்கிறது என்ற சர்குலேஷன் எண்ணிக்கையை நான் சொன்னால் சிரிக்கிறார். எதிர்த்த கடைக்கு ரீல்ஸ் எடுத்துக் கொடுத்த பையன் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், அதில் பெண்கள் எத்தனை என்று போனிலேயே காட்டுகிறானாம். நான் எதைக் காட்டுவேன்? ஒரு வவுச்சர் காப்பியைக் காட்டலாம்.

அந்தப் பையன்களைப் பற்றி எனக்குப் பொறாமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பரோட்டாக் கடை வாசலில் நின்று 'வேற லெவல் மக்களே' என்று கத்தினால் மறுநாள் அங்கே கூட்டம் நிற்கிறது. காசு வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் விதி போட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக எங்கள் பக்கம் ரொம்ப யோக்கியம் என்று மார்தட்டவும் முடியாது. கல்லூரி அட்மிஷன் சீசனில் செய்தி மாதிரியே எழுதி, மூலையில் எறும்பு அளவில் 'விளம்பரப் பகுதி' என்று போட்டுக் கொடுத்த கை இது. அந்த எறும்பின் அளவைப் பற்றிப் பார்ட்டியோடு பேரம் பேசியும் இருக்கிறேன்.

பேப்பரும் சும்மா இருக்கவில்லை. டிவி தொடங்கினார்கள், யூடியூப் சேனல் தொடங்கினார்கள், 'பேப்பரில் போட்டால் எங்கள் தளத்திலும் சேர்த்துப் போடுகிறோம்' என்று கூட்டுப் பேக்கேஜ் கொடுத்தார்கள். விளம்பரத்தில் க்யூஆர் கோடு வந்தது. இதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. நியூஸ்பிரிண்ட் தாளில் மை கொஞ்சம் பரவும். கோடு சின்னதாக இருந்தால் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போன் படிக்காது. கலரில் போட்டாலோ நான்கு மையும் மயிரிழை நகர்ந்தால் போச்சு. அதனால் கறுப்பிலேயே, இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் போடச் சொல்வேன். ஒரு பெரியவரின் கருமாதி அழைப்பில் மண்டபத்துக்கு வழிகாட்ட க்யூஆர் கேட்டார்கள். இடம் போதவில்லை. கடைசியில் மருமகன்கள் பெயரை எல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோடு வைத்தோம். மருமகன்கள் அதன் பிறகு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டம் மட்டும் படிக்கும் பேப்பர்

சரி, இப்போது எங்கள் கடையில் அடுப்பு எதில் எரிகிறது? பாதிக்குப் பாதி, சட்டம் கட்டாயப்படுத்துகிற விளம்பரங்களில். வீட்டுக் கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டால், 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின் விதிப்படி சுவாதீன அறிவிப்பை இரண்டு நாளிதழில் போட வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். வழக்கில் எதிராளி கையில் சம்மனைச் சேர்க்க முடியாமல் போனால் கோர்ட் பேப்பர் விளம்பரத்துக்கு உத்தரவு போடும். மூலப்பத்திரம் தொலைந்துபோனால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றோடு பேப்பர் விளம்பரமும் வேண்டும் என்று 2022-ல் தமிழ்நாட்டுப் பதிவு விதிகளிலேயே எழுதினார்கள்; 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

இந்த விளம்பரங்களை யார் படிக்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. பொடி எழுத்தில், நெருக்கியடித்து, இங்கிலீஷிலிருந்து பெயர்த்த தமிழில் இருக்கும். டைப் அடிக்கிற எங்களுக்கே மூச்சு வாங்கும். பேப்பரில் வந்துவிட்டதா, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தாகிவிட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர் படித்தாரா இல்லையா என்பது அப்புறம் பேச்சே இல்லை. வக்கீல் குமாஸ்தாக்கள் மட்டும்தான் இன்றைக்கும் வவுச்சர் காப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள். கோர்ட் கட்டில் அதைச் சேர்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போனால் பெஞ்ச் கிளார்க் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் பிடிவாதமாக இருக்கிறது. சம்மனைப் பேப்பரில் போடுவதென்றால், எதிராளி கடைசியாகக் குடியிருந்த பகுதியில் விற்பனையாகிற நாளிதழாக அது இருக்க வேண்டும். மேலூர்க்காரருக்கான சம்மனை வேலூர் எடிஷனில் போட்டுவிட்டு வந்தால் அடி விழும். பேப்பர் ஒருவர் வாசலுக்குப் போய் விழும், அவர் குனிந்து எடுப்பார் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பது சட்டம் ஒன்றுதான் போல. சிங்கப்பூர்த் தம்பி அந்த நம்பிக்கையை எப்போதோ விட்டுவிட்டார்.

அவர் எப்போது விட்டார் என்று யோசித்தால் எனக்கு 2020 கோடைதான் ஞாபகம் வருகிறது. பேப்பரைத் தொட்டால் கொரோனா வரும் என்று பேச்சு. பேப்பர் அச்சிடுவதையே தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒருவர் மனுப் போட்டு, அது தள்ளுபடி ஆனது. அச்சுக்குத் தடை வரவில்லை. ஆனால் வாசற்கதவு மூடியிருந்தது. பேப்பர் போடுகிற பையனை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாப் பேப்பரும் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. அனுப்பியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வாங்கியவர்கள் யாரும் காசு கொடுக்கவில்லை. 1941-ல் தொடங்கிய கல்கி அச்சை விட்டு இணையத்துக்குப் போனது அந்த வருஷம்தான். ஊரடங்கு முடிந்ததும் வாட்ச்மேன் பையனை உள்ளே விட்டார். ஆனால் நிறைய வீடுகளில் 'இனிமேல் வேண்டாம் தம்பி' என்று சொல்லிவிட்டார்கள். சாவுகளும் அந்த இரண்டு வருஷத்தில்தான் அதிகம். கூட்டம் சேர முடியாத சாவுகள். ஊருக்குத் தெரிய வேண்டும் என்றால் போனை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. கறுப்புப் பின்னணி, விளக்கு, புகைப்படம், 'இதயம் நின்றது' என்று ஒரு வரி. கண்ணீர் அஞ்சலி அப்படித்தான் ஸ்டேட்டஸுக்குக் குடிபெயர்ந்தது.

அப்படியானால் சிங்கப்பூர்த் தம்பிக்குப் பேப்பர் எதற்கு? ஸ்டேட்டஸில் நேராகவே ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் போகலாமே. அன்று ராத்திரி படுத்தபடி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: ஸ்டேட்டஸ் எல்லாரும் வைக்கலாம், காசு ஆகாது. பேப்பரில் வந்ததை வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தால், அம்மாவுக்காக மகன் செலவு செய்தான் என்று தெரியும். மேலே இருக்கிற பேப்பர் பெயர் ஒரு முத்திரை. பத்திரத்தில் எழுதியிருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள், முத்திரை விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சேதி சொல்கிற வேலை பேப்பரின் கையை விட்டுப் போய், முத்திரைத்தாள் வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. வங்கி செய்வதைத்தான் தம்பியும் செய்கிறார்.

"அங்க யாரு இருக்கா எங்களுக்கு?"

விளம்பரம் வந்த அன்று காலை ஐந்தே காலுக்குத் தம்பி கட்டிங்கை எனக்கும் அனுப்பி, கைகூப்புகிற பொம்மையும் போட்டிருந்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. வேலை முடிந்தது, மறந்துவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறேன், படியேறி ஒரு அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சப்பை, ரப்பர் செருப்பு. மூச்சு வாங்கியது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"எங்க அக்கா படம் பேப்பர்ல வந்திருக்காமே. செல்லுல காட்டுறானுக. பேப்பரைக் காணோம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பேசப் பேசத்தான், சிங்கப்பூர்த் தம்பியின் சின்னம்மா இவர் என்று தெரிந்தது. ஊர் டீக்கடையில் பார்த்திருக்கிறார். முடிவெட்டுகிற கடையில் பார்த்திருக்கிறார். வாத்தியார் வீட்டில் அன்றைய பேப்பரை எடுத்துத் தரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லியிருக்கிறார். எதிலும் அக்கா இல்லை. அக்கம்பக்கத்தில் சிரித்திருக்கிறார்கள். பையன் காசு போடாமல் கம்ப்யூட்டரில் செய்து ஏமாற்றுகிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பையனிடம் கேட்டால், 'வந்திருக்கு சின்னம்மா, அது வேற ஊரு பேப்பரு' என்கிறான். அது என்ன வேற ஊரு பேப்பரு? போன் நம்பரையும் எங்கள் கட்டட அடையாளத்தையும் யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

பரணில் ஏறத் தேவை இருக்கவில்லை. வேலூரிலிருந்து வந்த வவுச்சர் காப்பி மேசைக்கு அடியிலேயே, கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆள்காட்டி விரலால் பக்கங்களை ஓரத்தில் தொட்டுத் தொட்டுத் திருப்பினார். ஆறாவது பக்கமோ ஏழாவது பக்கமோ, கீழே வலது மூலையில் அக்கா இருந்தார். விரல் நின்றது. அழவில்லை. படத்தின் மேல் தூசி இருப்பது மாதிரி முந்தானையால் ஒருதரம் துடைத்தார். நியூஸ்பிரிண்ட் மை அப்போதும் கொஞ்சம் கையில் ஒட்டத்தான் செய்யும்.

"சுத்தியும் என்ன நியூசு போட்டிருக்கான்?"

அக்காவுக்கு மேலே இருந்ததைப் படித்தேன். வாணியம்பாடி அருகே லாரி மோதல். பக்கத்தில் குடியாத்தம், ஆம்பூர்ச் செய்திகள்.

"வாணியம்பாடியா? அங்க யாரு இருக்கா எங்களுக்கு?"

ரேட் கம்மி என்று சொல்லலாம். உங்க பையன்தான் கேட்டார் என்று சொல்லலாம். இரண்டுமே உண்மை. வாயில் வரவில்லை. 'அங்கேயும் வந்திருக்கும்மா' என்று ஏதோ உளறினேன். அந்த அம்மா பேப்பரைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, மஞ்சப்பைக்குள் செங்குத்தாக வைத்தார். இன்னொன்று இருக்குமா, மகள் வீட்டுக்குக் கொடுக்க, என்று கேட்டார். வவுச்சர் காப்பி ஒன்றுதான் வரும் என்று சொன்னேன். எவ்வளவு என்று சுருக்குப்பையைத் திறந்தார். வேண்டாம் என்றதும் சந்தேகமாகப் பார்த்தார். காசு வாங்காமல் கொடுத்தால் அது அசல்தானா என்று நினைத்தாரோ என்னவோ.

எங்கள் தொழிலில் வவுச்சர் காப்பி என்பது ஏஜென்சிக்கும் பார்ட்டிக்கும் நடுவே இருக்கிற கணக்கு விவகாரம். அன்றைக்கு அது உண்மையிலேயே சாட்சி சொல்லப் போனது. மதுரை மாவட்டத்தில் அந்தப் பக்கம் இருந்தது அநேகமாக அந்த ஒரு பிரதியில்தான். அது டீக்கடைக்குப் போயிருக்கும், முடிவெட்டுகிற கடைக்குப் போயிருக்கும், வாத்தியார் வீட்டுக்குக் கட்டாயம் போயிருக்கும்.

அச்சில் வந்ததற்கு ஒரு குணம் உண்டு: வந்தது வந்ததுதான். 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்காமல் போனபோது இதைத்தான் நினைத்தேன். டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி சங்கிலியோடு உட்கார்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரம் விகடன் பிளஸ்ஸில் வந்திருந்தது. அது இணையத்தில் மட்டும் வருகிற இதழ். மார்ச் மாசம் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கலாம் என்றது. அச்சு இதழாக இருந்தால், விடிவதற்குள் ஏஜென்டு கட்டைப் பிரித்துக் கடைகளுக்கு அனுப்பியிருப்பார். வேண்டாதவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்திருக்கும்.

முந்நூறு ரூபாய் டிசைன்

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் பேப்பர் வாழ்க என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மறு வருஷம் இரண்டாம் நினைவு நாளுக்குத் தம்பியிடமிருந்து போன் வரவில்லை. வேறு ஏஜென்சியைப் பிடித்துவிட்டாரோ என்று நினைத்தேன். அன்றைக்கு ஸ்டேட்டஸில் பார்த்தால் அம்மா படம், பேப்பர் கட்டிங் மாதிரியே. மேலே பேப்பரின் பெயர், தேதி, 'மதுரை' என்றுகூட இருந்தது. அதைச் சுற்றியிருந்த பார்டரைப் பார்த்தேன். கொடியும் இரண்டு விளக்கும் போட்ட அந்த பார்டர் எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது. பத்து வருஷத்துக்கு முன்னால் நானே உட்கார்ந்து கோரல் டிராவில் வரைந்தது.

எங்கள் ஆபரேட்டர் பெண் மறைக்கவில்லை. நல்ல பெண், எட்டு வருஷமாக எங்களோடு இருக்கிறாள்.

"ஆமாண்ணே, நான்தான் பண்ணிக் குடுத்தேன். முந்நூறு ரூவா. ஆபீஸ் ஜிபே நம்பருக்குத்தான் வந்துச்சு, நோட்டுல எழுதியிருக்கேன். ஆறு மாசமா நிறையப் பேரு கேக்குறாங்க."

"பேப்பர் பேரைப் போட்டிருக்கியேம்மா. வராத பேப்பரை வந்த மாதிரி காட்டுறது மோசடி இல்லையா?"

"யாருண்ணே பேப்பரை எடுத்துவச்சு ஒத்துப் பாக்கப்போறா?"

ஒத்துப் பார்க்க ஒருத்தர் பஸ் ஏறி வந்தார் என்று சொன்னேன். அன்றைக்கு அவள் லீவு. கதையை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பாவம்ணே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நோட்டைப் பாருங்கண்ணே" என்றாள்.

பார்த்தேன். அந்த மாதம் நினைவஞ்சலி விளம்பரத்தில் எங்களுக்குக் கமிஷனாக வந்ததைவிட, அவள் முந்நூறு முந்நூறாகச் சேர்த்தது அதிகம்.

ஒரு முடிவுக்கு வந்தோம். பேப்பர் பெயர், தேதி, எடிஷன் எதுவும் போடக் கூடாது. பேப்பர் மாதிரி கட்டம், எழுத்து, கொஞ்சம் பழுப்பேறின பின்னணி வேண்டுமானால் போடலாம். பெயர் இல்லாத பேப்பர். பார்ட்டிகள் குறைந்துவிடுவார்கள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். குறையவில்லை. பேப்பர் பெயர் எங்கே என்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு அந்தத் தோற்றமே போதுமாக இருந்தது. முத்திரை என்று நான் கண்டுபிடித்த தத்துவத்துக்கும் ஒரு வருஷம்தான் ஆயுள்.

போன தை மாசம் ஆபரேட்டர் பெண் ஒரு டிசைனைப் பார்வைக்குக் காட்டினாள். சிங்கப்பூர்த் தம்பி அனுப்பச் சொன்னது. கொடியும் விளக்கும் போட்ட அதே பார்டர். நடுவில் அந்த அம்மா, ஆதார் கார்டு படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. தோற்றம் என்ற இடத்தில் தேதி இல்லை, வருஷம் மட்டும். மறைவு முந்தின நாள்.

"பேப்பர்ல போடலையாமா?" என்று கேட்டேன்.

"கேட்டேண்ணே. வேணாம், படிக்கிற ஆளே இல்லைன்னாரு."

சின்னம்மா என்ற சொல்லில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தச் சொன்னேன். அனுப்பியதும் அதை ஏ4 தாளில் ஒரு பிரிண்ட் எடுத்து, மேசைக்கு அடியில் இருந்த வவுச்சர் காப்பிக் கட்டில் செருகினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பில் புத்தகத்தை எடுத்தேன். அச்சு விளம்பரம் என்றால் ஐந்து சதவீத ஜிஎஸ்டி. இது டிசைன், டிஜிட்டல். முந்நூறுக்குப் பதினெட்டு சதவீதம், ஐம்பத்து நான்கு ரூபாய்.